நரிக்கு ஒரு டார்ச்

ஹாமில்டன், விக்டோரியா

அன்புத் தம்பி செல்வத்துக்கு,

ராத்திரி நரி சுடுவதற்கென்று நீ அனுப்பிய மூன்று டார்ச் படங்களையும் பார்த்தேன். போனில் பேசினால் பாதியிலேயே ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க ஓடிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஆடுகள் குட்டி போடத் தொடங்குவதற்குள் நிதானமாகப் படித்து முடி.

படத்தில் முதலில் இருப்பது, 'ஒரு லட்சம் லுமன்' என்று கத்துகிறதே, அதைத் தள்ளு. ஒற்றை பேட்டரி போடும் டார்ச்சிலிருந்து அவ்வளவு வெளிச்சம் வராது. கூடவே தரும் 18650 பேட்டரியில் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருப்பதும் பொய்தான். அந்த அளவு பேட்டரியில் நல்ல கம்பெனிகளே 3500-ஐ ஒட்டித்தான் தருகின்றன. பேட்டரியில் பொய் சொல்பவன் சார்ஜரில் மட்டும் யோக்கியனாக இருப்பானா? அதை வீட்டுக்குள் சார்ஜில் போடுவதே வம்பு.

லுமன் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சம். நமக்கு வேண்டியது அது எவ்வளவு தூரம் பாய்கிறது என்பது. அதைச் சொல்வது கேண்டெலா. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் அதே தண்ணீர் தூரமாகப் பீய்ச்சி அடிக்கிறதல்லவா, அந்த வேலையைத்தான் டார்ச்சில் அகலமும் ஆழமும் உள்ள ரிஃப்ளெக்டர் செய்கிறது. முகாமுக்கு எடுத்துப்போகும் டார்ச் பக்கமெல்லாம் வெள்ளமாய்க் கொட்டும். நூறு மீட்டர் தாண்டினால் ஒன்றும் தெரியாது.

அட்டைப்பெட்டியில் '600 மீட்டர்' என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் கால் லக்ஸ் வெளிச்சம் விழும் என்று பொருள். ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி. அந்த வெளிச்சத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியும். நரியா நாயா என்று தெரியாது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு, கால்வாசியானால் பதினாறு மடங்கு. 600 மீட்டர் டார்ச், 150 மீட்டரில் நான்கு லக்ஸ் தரும். நரியா நாயா என்று அடையாளம் சொல்ல எனக்கு அது போதும். ஆகவே பெட்டியில் உள்ள தூரத்தை நாலால் வகுத்துக்கொள். நீ 150 மீட்டருக்கு மேல் சுடப்போவதில்லை. உனக்கு 600 மீட்டர் டார்ச் சரி. கேண்டெலாவில் சொன்னால் 90,000.

சிவப்பு வெளிச்சம் பற்றிக் கேட்டிருந்தாய். நாய், நரி இனத்துக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். தெரியவே தெரியாது என்று கடைக்காரர் சொல்வார், நம்பாதே. நம் கண்ணுக்கும் அதில் ஒரு லாபம் உண்டு: இருட்டுக்குப் பழகிய பார்வை சீக்கிரம் கெடாது. ஆனால் வெள்ளை டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடி மாட்டுவது வீண் செலவு. வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்பின் பங்கு குறைவு, கண்ணாடி மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். சிவப்பு எல்.இ.டி.யே உள்ளதாகப் பார்த்து வாங்கு.

வாங்கியதும் வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்து மகிழாதே. நிலவில்லாத ஒரு ராத்திரி, வேலிக்கம்பங்களைக் கணக்கு வைத்து 50, 100, 150 மீட்டரில் அடையாளம் போடு. நரி உயரத்துக்குப் பழுப்புச் சாக்கு ஒன்று, அதைவிடச் சற்றுப் பெரிதாக இன்னொன்று. இரண்டையும் உன் மனைவி கமலா வைக்கட்டும்; எதை எங்கே வைத்தாள் என்று உனக்குச் சொல்லக் கூடாது. அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண் பழகிய பிறகு பார். எந்தத் தூரம்வரை எது பெரிது, எது சின்னது என்று தயங்காமல் சொல்ல முடிகிறதோ, அதுதான் அந்த டார்ச்சின் தூரம். பிறகு அப்படியே எரியவிடு. சூடு ஏறினால் பல டார்ச்சுகள் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் இருப்பதோ எரியத் தொடங்கிய அரை நிமிடத்தில் எடுத்த அளவு. அரை மணி கழித்து மறுபடி அதே சாக்குகளைப் பார். பனிமூட்டம் உள்ள இரவிலும் ஒருமுறை பார்த்துவிடு. கண்ணை ஒட்டிப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி உன் முகத்தில்தான் அடிக்கும். கையை இடுப்புப் பக்கம் இறக்கினால் கொஞ்சம் தேவலை. சுவிட்ச் 'டிக்' என்று சத்தம் போடுகிறதா, விறைத்த விரலுக்கு அமுங்குகிறதா என்றும் கவனி.

வெளிச்சத்தில் முதலில் தெரிவது கண்கள்தான். ஆட்டுக்கும் மின்னும், நரிக்கும் மின்னும், யூகலிப்டஸ் மரத்தில் இருக்கும் போசம் (possum) விலங்குக்கும் மின்னும். புல்லில் பனித்துளி போலச் சிமிட்டுவது பெரும்பாலும் ஓநாய்ச் சிலந்தி! நிறத்தை வைத்துச் சொல்லலாம் என்பார்கள். பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும், சிவப்பு வெளிச்சத்திலோ எல்லாம் சிவப்பு. உன் பக்கத்துப் பண்ணையில் ஆட்டோடு ஆடாகக் கிடக்கும் மரெம்மா நாய்களை நினைத்துக்கொள். வார்னம்பூல் மிடில் தீவில் 2006 முதல் நரியிடமிருந்து பென்குவின்களைக் காத்த இனம் அது. இருட்டில் அதன் கண்ணும் நரியின் கண்ணும் உனக்கு ஒன்றுதான். காது, முகம், வால், உடம்பு முழுதும் தெரிந்து, பின்னால் மண்மேடும் இருந்தால்தான் விரல் விசைக்குப் போக வேண்டும்.

இதனாலேயே தேடுவதற்கு ஒரு டார்ச் தனியாகக் கையில் வேண்டும். துப்பாக்கியில் மாட்டிய டார்ச்சால் தேடினால், அது எங்கே திரும்புகிறதோ அங்கெல்லாம் குழலும் திரும்பும். பொதுச் சாலையிலிருந்து சுடுவது குற்றம் என்பதையும் மறக்காதே. சும்மா வேடிக்கைக்கு நரி மேல் வெளிச்சம் அடிக்காதே. தப்பித்த நரி அடுத்த முறை வெளிச்சம் பட்டதுமே ஓடிவிடும்.

மூன்றாவது படத்தில் உள்ளதை வாங்கு. வெள்ளையும் சிவப்பும் தனித்தனி எல்.இ.டி., 21700 பேட்டரி. உபரி பேட்டரி ஒன்றை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வை. சாவிக்கொத்தோடு பையில் போடாதே. துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வரும்வரை தினமும் வெறும் டார்ச்சோடு மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வா. கிளம்புமுன் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு ஒரு போன் போட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்