பத்தொன்பதும் இரண்டும்

சாம்பியன் கம்பெனியின் ஜே19எல்எம் என்றொரு ஸ்பார்க் பிளக் உண்டு. புல்வெட்டும் மெஷின்களில் வெகுகாலமாகப் போடுவது அதைத்தான். அது கைவசம் இல்லாவிட்டால் விவரம் தெரிந்த கடைக்காரர் என்ஜிகே-யின் பி2எல்எம் எடுத்துத் தருவார். ஒன்றில் 19, மற்றதில் 2. ஆனாலும் இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டில் வேலை செய்பவை. சாம்பியனில் எண் கூடக் கூடப் பிளக் சூடு. என்ஜிகே-யில் எண் கூடக் கூடக் குளிர்ச்சி. பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைக்கோவின் கதை இன்னும் விசேஷம். அதன் தாய்க் கம்பெனியான பாஷின் பழைய கணக்கில் டபிள்யூ145, டபிள்யூ175, டபிள்யூ225 என்று எண் ஏற ஏறக் குளிர்ச்சி. பிறகு எண்முறையையே திருப்பிப் போட்டார்கள். 145 இருந்த இடத்துக்கு 8, 175 இருந்த இடத்துக்கு 7, 225 இருந்த இடத்துக்கு 5 வந்தது. இப்போது எண் இறங்க இறங்கக் குளிர்ச்சி. விரல் நீளப் பொருளுக்கு இத்தனை கணக்கு எதற்கு என்று தேடப் போனவன்தான் நான். இன்னும் அதிலிருந்து வெளியே வரவில்லை.

பிளக்குக்குச் சூடு, குளிர்ச்சி என்று சொல்வது பொறியின் சூட்டை அல்ல. பொறி எல்லாவற்றிலும் பொறிதான். எஞ்சினுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு, தான் வாங்கிய சூட்டை எவ்வளவு சீக்கிரம் இரும்பு உடம்புக்குத் தள்ளிவிடுகிறது என்பதுதான் கணக்கு. மூக்கு நீளமாக இருந்தால் சூடு தங்கும். குட்டையாக இருந்தால் ஓடிவிடும். மூக்கின் நுனி சுமார் 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் மேலே படியும் கரி எரிந்து போகாது, பிளக் அடைத்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டிப் போனால் பொறி வருமுன்பே அந்த நுனி கங்காகி எரிபொருளைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் பிளக் வாழ வேண்டும். எஞ்சினுக்கு எஞ்சின் எரிபொருளும் வேலையும் வேறு என்பதால்தான் இத்தனை எண்கள்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சுண்ணாம்புக்குளத்தில் புல்தரை கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளின் வாசலில் இருக்கிறது. அங்கே வெட்டுகிற மெஷின்கள் பழுதானால் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளுக்கு வரும். ஏரிக்கரை ஊர்களிலிருந்து அதே பட்டறைக்கு வருபவை வேறு: பெட்ரோல் பம்பு செட், தோளில் மாட்டிக் கருவை வெட்டும் பிரஷ் கட்டர், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், திருவிழாவுக்கும் மின்வெட்டுக்கும் வைத்திருக்கும் சின்ன ஜெனரேட்டர். படகுகளில் பிளக்குக்கு இப்போது பெரிய வேலை இல்லை. சென்னையைத் தலைமையிடமாக வைத்து 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்புக்காரர்கள் கரையேற்றும் படகுகளுக்கு டீசல் எஞ்சின் வைத்துப் பார்த்தார்கள். விசிறியைத் தூக்கிக்கொள்ள வசதியும் செய்தார்கள். அதன்பிறகு நீண்ட வால் வைத்த டீசல் எஞ்சின் கடற்கரையெங்கும் பரவியது. டீசலுக்குப் பொறி வேண்டாம். காற்றை அழுத்துகிற சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்குக்கும் பொறி வேண்டாம். அதன் விகாஸ் எஞ்சினில் இரண்டு திரவங்கள் ஒன்றையொன்று தொட்டாலே தீ.

நான் சிறுவனாக இருந்தபோது பெரியப்பாவிடம் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு மோட்டார் இருந்தது. இறாலை ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போக அதை மாட்டுவார். ஏரியில் பாதித் தூரம் இடுப்பளவு தண்ணீர்தான். ஆழம் குறைந்தால் மோட்டாரைத் தூக்கிக் கட்டிவிட்டுக் கழி ஊன்றித் தள்ள வேண்டும். அந்த மோட்டார் பெட்ரோலில் கிளம்பும். சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டும். அதை மறந்து நிறுத்தினால் கார்ப்பரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிடும், பிளக் நனைந்துவிடும், கயிறு இழுத்து இழுத்துத் தோள் போகும்.

பெரியப்பாவின் காலடியில் பாலித்தீன் பையில் சுற்றிய டிரான்சிஸ்டர் எப்போதும் இருக்கும். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரையேறிய புயலைப் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வானிலை கேட்காமல் தண்ணீரில் இறங்கியதில்லை. இறங்கிய பிறகும் கேட்டார். சென்னை நிலையம் 720 கிலோஹெர்ட்சில் வரும். மோட்டாரை மெதுவாக்கி, ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொள்வார். அப்போது வரும் ஒரு கரகரப்பு. மோட்டாரின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டு. செய்தி வாசிக்கும் சரோஜ் நாராயணசுவாமியின் குரல் துண்டுதுண்டாக வரும். 'காற்றழுத்தத் தாழ்வு' வரை கேட்கும். எங்கே என்பது கேட்காது. அதனால் செய்தி நேரத்தில் மோட்டாரையே நிறுத்துவது அவர் வழக்கம். நிறுத்த வேண்டுமென்றால் முன்கூட்டியே பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டுமே. அவர் கை குழாய்க்குப் போனால் படகில் இருக்கிற எங்களுக்குச் செய்தி நேரம் நெருங்கிவிட்டது என்று தெரிந்துவிடும். பேச்சை நிறுத்திவிடுவோம்.

பட்டறைக்காரர்தான் ஒருநாள் கேட்டார்.

"இன்னா மாமா, நடுத்தண்ணில மோட்டாரை நிறுத்துறியாமே?"

"ரேடியோ கேக்கணும்டா. ஓடுச்சின்னா ஒரே கரகரன்னு இருக்குது."

"அதுக்கு ஏன் மோட்டாரை நிறுத்துற? ஆர் போட்ட பிளக் இருக்குது. அத்தப் போடு."

அவர் மாட்டிய பிளக்கில் எழுத்துகளுக்கு நடுவே ஆர் என்று ஒன்று கூடுதலாக இருந்தது. உள்ளே நடுக்கம்பியில் சுமார் 5,000 ஓம் மின்தடை வைத்திருப்பார்கள். அதற்கான அடையாளம் அந்த எழுத்து. கரகரப்பு பெருமளவு அடங்கியது. அன்றைக்குப் பெரியப்பா முழுச் செய்தியையும் ஓடுகிற படகிலேயே கேட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

ஏன் அடங்கியது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. விளங்கியபோது மேலே படிக்காமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1887-ல் ஒரு சின்ன இடைவெளியில் பொறியைத் தாவவிட்டார். அறையின் இன்னொரு பக்கத்தில் வைத்திருந்த வளையத்தின் இடைவெளியிலும் பொறி வந்தது. ரேடியோ அலை இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி அந்தப் பொறிதான். ஜகதீஷ் சந்திர போஸ் 1895-ல் கல்கத்தாவில் சுவரைத் தாண்டி அலை அனுப்பி மணியடித்து வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டியதும் பொறி எழுப்பிய அலையால்தான். மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்பியது பொறியால். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் உதவி கேட்டுக் கூப்பிட்டதும் பொறியால். அந்தக் காலத்தில் ரேடியோ என்றாலே தாவுகிற பொறிதான். பொறி எழுப்பும் அலை ஓரிடத்தில் நிற்காது, எல்லா அலைவரிசையிலும் வழியும். மற்றவர்கள் பேசுவதைக் கேட்கவிடாது. அதனால்தான் பின்னாளில் அந்த டிரான்ஸ்மிட்டர்களைத் தடை செய்தார்கள்.

அப்படியென்றால் பெரியப்பாவின் மோட்டார் அந்த ஏரியில் ஒரு சின்ன வானொலி நிலையம். நிமிஷத்துக்குப் பல ஆயிரம் முறை அது ஒலிபரப்பிக்கொண்டிருந்தது, பக்கத்திலிருந்த டிரான்சிஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆர் போட்ட பிளக்கின் மின்தடை அடக்கியது அந்த ஒலிபரப்பைத்தான். 1924-ல் மெட்ராஸில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி நண்பர்களோடு மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கி ஒலிபரப்பியதும், ஏரி நடுவில் இரண்டு எந்திரங்கள் பேசிக்கொண்டதும் எனக்கு ஒரே சங்கிலியில் வருகின்றன. கரகரப்பை வெறும் தொல்லை என்று நினைக்க இப்போது மனம் வருவதில்லை.

பெரியப்பாவின் மண்ணெண்ணெய் மோட்டாரைச் சொன்ன பிறகு யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1990 ஜூனில் மறுபடி போர் மூண்ட பிறகு வடக்குக்குப் பெற்றோல் போவது நின்றது. வருஷக்கணக்கில் அங்கே மோட்டார் சைக்கிளும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கார்ப்பரேட்டருக்குள் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். பிளக்குக்கு அதைவிடக் கடினமான வாழ்வு கிடையாது. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது, கரியாகப் படியும். எங்கள் பக்கத்துப் பட்டறையில் மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு ஒரு படி சூடான பிளக்கைப் போடுவார்கள், கரி தானே எரிந்து போகட்டும் என்று. அதே எஞ்சின் பெட்ரோலிலேயே முழு வேலையும் செய்யப் போகிறதென்றால் பழைய எண்ணுக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த அறிவெல்லாம் கையேட்டில் வந்ததல்ல. கழற்றிய பிளக்கைப் பார்த்துப் பார்த்து வந்தது.

எஞ்சினின் தீக்குள் இருந்துவிட்டு ஒரு ஸ்பேனரில் வெளியே வந்து காட்டும் உறுப்பு அது ஒன்றுதான். மூக்கு வெளிறிய பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் கூடுதலாகக் கலந்திருக்கிறது. சுண்ணாம்பு போல் வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. அப்போது உடனே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். ஏரிக்கரையில் இன்னொன்றும் உண்டு: வெளிப்பக்கத்து இரும்பில் உப்பு பூத்துத் துரு ஏறுவது. வைகாசியில் இந்த ஏரித் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும், மழைக்குப் பிறகு கிட்டத்தட்ட நன்னீர். காற்றிலும் உப்புதான். துருவேறிய பிளக்கை எஞ்சின் சூடாக இருக்கும்போது பலமாகத் திருகினால் அலுமினியத் தலையின் மரை கூடவே வந்துவிடும்.

பிறகு இடைவெளி. ஹோண்டா பம்பின் எஞ்சினுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜைச் செருகி அதை அளக்கும்போதெல்லாம் எனக்குப் பழவேற்காட்டு முகத்துவாரம் நினைவுக்கு வரும். அங்கேயும் ஓர் இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சு அதன் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, அதன் வழியாகவே கடலுக்குத் திரும்ப வேண்டும். கோடையில் மணல் சேர்ந்து வாய் அடைத்தால் ஏரி மூச்சுத் திணறும். மீனவர்களே மண்வெட்டியோடு இறங்கி வெட்டியிருக்கிறார்கள். வாயை எப்போதும் திறந்து வைக்கக் கற்சுவர் கட்டும் வேலையை அரசு எடுத்துக்கொண்டது அவர்கள் பல வருஷம் கேட்ட பிறகுதான். பிளக்கில் கரி சேர்ந்து இடைவெளி அடைத்தால் கத்தி முனையால் சுரண்டிவிடலாம். ஏரிக்கு அப்படி முடியாது.

இவ்வளவும் இருக்க, பட்டறையில் நான் அதிகம் கேட்கும் வார்த்தை "இது உக்காருது, இதையே போட்டுக்க" என்பதுதான். அதைக் கேட்டால் எனக்குப் பதறும். மரை 14 மில்லிமீட்டர் என்பது பெரும்பாலானவற்றுக்குப் பொது. ஆனால் மரையின் நீளம் 9.5, 12.7, 19 என்று பல வகை. 9.5 போட வேண்டிய பிரஷ் கட்டரில் 19 உட்கார்ந்தால் கயிற்றை இழுத்த முதல் இழுப்பிலேயே பிஸ்டன் பிளக்கில் மோதலாம். 19 போட வேண்டிய இடத்தில் 12.7 போட்டால் மிச்ச மரையில் கரி இறுகி, அடுத்த முறை சரியான பிளக் உள்ளே ஏறாது. நீளம் சரியாக இருந்து சூடு தவறாக இருந்தால் உடனே ஒன்றும் தெரியாது. அதுதான் அதைவிட மோசம். ஒரு பருவம் முழுக்க ஓடிவிட்டு, நாற்றுக்குத் தண்ணீர் இறைக்கிற நாளில் காட்டும். புதுப் பிளக் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. எஞ்சின் வாங்க ஒரு வருஷ உழைப்பு. அதனால் கடைக்காரர்கள் எந்த எஞ்சின், எந்த எரிபொருள் என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று சண்டை போடுகிற அளவுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கையேடு தமிழில் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஈரக் காற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அதனால் சொந்தக்காரர் வீடுகளில் எஞ்சினைப் பார்த்தால் பெயின்ட் கேட்கிறேன். பம்பின் டேங்க் மேல் 'பிபிஆர்6இஎஸ், 0.7' என்று வெள்ளையில் எழுதியாயிற்று. தம்பி மகன் தோளில் மாட்டும் பிரஷ் கட்டரில் 'பிபிஎம்ஆர்7ஏ'. அதன் கீழே அவனே சிவப்பில் 'வேற போடாத' என்று சேர்த்துக்கொண்டான்.