மலாக்காவின் நீண்ட கை இறால்கள்

கோலாலம்பூரிலிருந்து தெற்கே வந்த ரயில் பூலாவ் செபாங் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டபோது காலை ஒன்பது மணிதான். அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது! தஞ்சாவூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவன் நான். ஆனாலும் இது வேறு ஜாதி. நம் ஊர் வெயில் தலைக்கு மேலே நின்று அடிக்கும். இங்கே மண், மரம், காற்று எல்லாமே சேர்ந்து வேர்க்க வைக்கின்றன. ஊரும் விநோதமான ஊர். ஒரு பாதி தம்பின், அது நெகிரி செம்பிலான் மாநிலம். மறு பாதி பூலாவ் செபாங், அது மலாக்கா மாநிலம். டீக்கடைக்கு நடந்து போவதற்குள் மாநிலம் மாறிவிடுகிறது.

"வாங்க தம்பி, பசியாறியாச்சா?" என்று கேட்டபடி பெரியப்பா வந்தார். என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இப்போது அசஹான் பக்கம் ஒரு சின்ன வீட்டில் பேத்தியோடு இருக்கிறார். அவர் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அந்தத் துறைமுகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அங்கிருந்து கிளம்பிய ஒரு குடும்பம் இந்தச் செம்மண் மேட்டில் வந்து வேர்விட்டிருக்கிறதே என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

செலாண்டார், ஞாலாஸ் வழியாகப் போனோம். சாலையின் இரு பக்கமும் செம்பனை, செம்பனை, செம்பனை! நடுநடுவே கொஞ்சம் கித்தா, அதாவது ரப்பர், மரங்கள், அடிமரத்தில் சாய்வாகக் கீறிய தழும்போடு. ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர்ப் பால், குவித்து வைத்த இடத்தைத் தாண்டும்போது ஒரு புளித்த நாற்றம் காருக்குள் புகுந்தது. நான் மூக்கைப் பொத்தினேன். பெரியப்பா ஆழ இழுத்து மூச்சு விட்டார். "இந்த வாடைலதான் எங்க சாப்பாடு இருந்துச்சு தம்பி" என்றார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சாய் யான் என்பவர் 1896-இல் போட்டது இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். அதன் பிறகு அசஹானும் ரப்பர் நாடாயிற்று. அந்த மரங்களைத் தேடித்தான் நம் ஆட்கள் வந்தார்கள். தூரத்தில் குனோங் லேடாங் மலை, 1,276 மீட்டர், மேகத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் கூடவே வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாமிப் படத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணில் பட்டது மீன் தொட்டி. மூன்றடி நீளம். அடியில் கரிய மணல், ஒரு மரக்கட்டை, பச்சைப் பாசி. கப்பி, நியான் டெட்ரா, சிவப்புச் செர்ரி இறால் எல்லாம் ஒரே தண்ணீரில் குடித்தனம். நம் சென்னை கொளத்தூரில் கடை கடையாக மீன் தொட்டி பார்த்தவன்தான் நான். ஆனால் இவ்வளவு அக்கறையாக வளர்த்த இறால்களை ஒரு வீட்டில் பார்த்தது இங்கேதான். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பேத்தி வந்து பக்கத்தில் நின்றாள். முகம் வாடியிருந்தது.

"மாமா, என் செர்ரி எறா குறைஞ்சிக்கிட்டே வருது. யாரோ திங்கிறாங்க. யாருன்னுதான் தெரியல."

அவள் சந்தேகத்தோடு கைகாட்டியது மரக்கட்டை உச்சியில் உட்கார்ந்திருந்த ஒரு முரட்டு இறாலை. என் நடுவிரலை விட நீளம், பழுப்பு உடம்பு, முதுகில் வெளிறிய கோடு, தடித்த கால்கள். பார்த்தாலே பயம் வருகிறது! நான் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தேன். அது முன்கைகளைத் தூக்கியது. கை நுனியில் கொடுக்கே இல்லை. பனையோலை விசிறி விரிவதுபோல மயிர்க்கற்றைகள் விரிந்தன. வடிகட்டியிலிருந்து வரும் நீரோட்டத்தில் அந்த நான்கு விசிறிகளையும் பிடித்து, மிதந்து வரும் துணுக்குகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டுத் துடைத்துக்கொண்டது. மறுபடி விரித்தது. இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சாதுவான சாப்பாடா!

"அது அப்பாவி தம்பி" என்றார் பெரியப்பா. "வேகமா தண்ணி ஓடுற ஓடையில கல்ல புடிச்சிக்கிட்டு நிக்கும். வர்றத வடிகட்டித் திங்கும், அவ்ளோதான்." இந்த விசிறி இறால் தீபகற்ப மலேசியாவின் சொந்தக் குடி, அட்யோப்சிஸ் மொலுக்கென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அது கட்டையை விட்டு இறங்கி மணலைச் சுரண்ட ஆரம்பித்தால் சண்டைக்கு வருகிறது என்று பொருளல்ல. தண்ணீரில் மிதக்கும் தீனி போதவில்லை, பசி என்று பொருள்.

அப்படியானால் யார்? பெரியப்பா பதில் சொல்லாமல் கைவலையை எடுத்துக்கொண்டு என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே லோங்காங், அதாவது வடிகால் வாய்க்கால், தேநீர் நிறத் தண்ணீரோடு ஓடியது. விழுந்த மட்டை, அழுகிய பழம், ஈர மண் எல்லாம் கலந்த ஒரு கனத்த வாசனை. கரையோரப் புல்லுக்கடியில் வலையை விட்டு ஒரே ஒரு தூக்குத்தான்! வலைக்குள் கண்ணாடித் துண்டுகள் துள்ளின. உள்ளே ஓடும் குடல்கூடத் தெரிகிற இறால்கள். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் ஆற்று இறால் வாங்கித் தின்று வளர்ந்த எனக்கு, ஒரு விரற்கடை நீளத்தில் இவ்வளவு சுறுசுறுப்பு புதிது. இது மாக்ரோபிராக்கியம் லான்செஸ்டரி. தென்கிழக்கு ஆசியாவின் வயல், குட்டை, வாய்க்காலெல்லாம் இதன் வீடு. அரோவானா மீன் வளர்ப்பவர்கள் தீனிக்காக இதைப் பை பையாக வாங்கிப் போகிறார்கள்.

பெரியப்பா ஒன்றைக் கண்ணாடிப் போத்தலில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "கால எண்ணாதீங்க. கைய மட்டும் பாருங்க. முன்னால ரெண்டு ஜோடி கைக்குக் கொடுக்கு இருக்கும். முதல் ஜோடி குட்டை, வாய்க்கிட்டயே மடங்கிக் கெடக்கும். ரெண்டாவது ஜோடிய பாருங்க!"

பார்த்தேன். முதல் பார்வைக்கு மீசை என்று நினைக்க வைக்கும் இரண்டு மெல்லிய கைகள் உடம்புக்கு முன்னால் நீண்டிருந்தன. நுனியில் ஊசிக் கொடுக்கு. போத்தலுக்குள் ஒரு புழுவைப் போட்டார். அந்தக் கை நீண்டது, பிடித்தது, இழுத்தது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குப் புல்லரித்தது.

மதியம் பெரியம்மா பெத்தாய்க்காயும் எறாவும் போட்டு வைத்த சம்பாலில், பிளாச்சான் என்னும் இறால் விழுதின் வாடை தலைக்கேற, வேர்க்க விறுவிறுக்கச் சாப்பிட்டேன். பிறகு ஜாசின் வழியாக மலாக்கா டவுனுக்கு. பொற்கொல்லர் வீதியில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலில் கும்பிட்டேன். அதே வீதியில் பள்ளிவாசல், கொஞ்ச தூரத்தில் சீனர் கோயில். ஊதுவத்தியும் சாம்பிராணியும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. இந்த மண்ணில் செட்டிமார் வழிவந்த மக்கள் மலாய் பேசிக்கொண்டே பிள்ளையாரைக் கும்பிடுவதைக் கண்டு நெஞ்சு நிறைந்தது.

அப்புறம்தான் மீன் கடை. கடைக்கார அண்ணன் தமிழர். பேத்தி தன் கவலையைச் சொன்னதும் அவர் வேலையை விட்டுவிட்டுத் தொட்டி தொட்டியாக எங்களை நிறுத்தி விளக்கினார்.

"இதான் செர்ரி, நியோகேரிடினா. ரெண்டரை, மூணு செண்டிமீட்டர். கைய பாரு, தம்மாத்துண்டு. நுனியில சின்னதா பிரஷ்ஷு. நாள் பூரா பாசியக் கிள்ளிக்கிட்டே இருக்கும். பக்கத்துல இருக்கிறது அமானோ, ஜப்பான் பக்கத்து எறா. உடம்புல வரிசையா புள்ளி. அஞ்சு செண்டிமீட்டர் வரும், ஆனா கை அதே குட்டக் கைதான். தீனிய தட்டிப் பறிக்கும், உசுர எடுக்காது."

அடுத்த தொட்டியில் ஒரு குட்டி இறால். ஊடுருவித் தெரியும் உடல், தலை ஓட்டின் பக்கவாட்டில் நீளவாக்கில் கரிய கோடுகள். அழகாக இருந்தது. "இது உடாங் காலா குஞ்சு. அழகுன்னு வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் அழுவாங்க" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது மாலையில் ஊஜோங் பாசிர் பக்கத்துக் கடலுணவுக் கடைத் தொட்டியைப் பார்த்ததும் விளங்கியது. வளர்ந்த உடாங் காலா! மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி, ஆண் முப்பது செண்டிமீட்டரைத் தாண்டி வளரும். உடம்பை விட நீளமாக, முள் முளைத்த நீலக் கைகள் இரண்டு. ஒரு மூலையை அவன் வளைத்துப் போட்டிருந்தான். ஆண்களிலேயே மூன்று வகை உண்டு: சின்ன ஆண், ஆரஞ்சுக் கை ஆண், நீலக் கை ஆண். நீலக் கைக்காரன்தான் ராஜா. அவன் இருக்கும் இடத்தில் மற்ற ஆண்கள் ஒதுங்கியே வாழ்கின்றன. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் ஆற்றுக்கொஞ்சு என்று கொண்டாடப்படுவதும் இதே இனம்தான்.

இதன் குஞ்சு பிழைக்க உப்புக் கலந்த நீர் வேண்டும் என்பதை ஷாவோ வென் லிங் என்ற அறிஞர் 1961-இல் கண்டுபிடித்தது இதே நாட்டின் பினாங்கில். அதன் பிறகுதான் உலகமெங்கும் இதன் பண்ணைகள் பெருகின. நம் தொட்டிக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நன்னீர்த் தொட்டியில் தாய் முட்டை சுமந்தும் குஞ்சு தேறவில்லை என்றால் அது செர்ரியாக இல்லாமல் இருக்கலாம். செர்ரியின் குஞ்சு பிறக்கும்போதே குட்டி இறாலாகப் பிறந்து அதே நீரில் வளர்ந்துவிடும்.

இரவு வீடு திரும்பும்போது ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. தவளைச் சத்தம் காதைத் துளைத்தது. பெரியப்பா விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சைத் தொட்டியின் ஓரமாக அடித்தார். பாசிக்குள் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் மின்னின. கண்கள்! பகலெல்லாம் எங்கோ பதுங்கியிருந்த, வாய்க்காலில் பார்த்தது போன்ற ஒரு கண்ணாடி இறால் வெளியே வந்தது. இரண்டாம் ஜோடிக் கைகளை முன்னால் நீட்டி மணலைத் தடவிக்கொண்டே நடந்தது. கட்டைக்கடியில் அப்போதுதான் தோலுரித்த ஒரு செர்ரி, உடம்பு இறுகாமல் கிடந்தது. ஒரு கை அதைத் தொட்டது, மறு கை பிடித்தது. பேத்தி "ஐயோ!" என்றாள். எப்போதோ செடியோடு ஒட்டியோ, தீனிப் பையோடு கலந்தோ வந்த விருந்தாளி அது.

அன்று நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொட்டியில் இறால் குறைந்தாலோ, மீன் வால் கிழிந்தாலோ முதலில் பதறாதீர்கள். மணலில் கிடப்பது தலைக்கும் உடலுக்கும் இடையே பிளந்த, உள்ளீடற்ற, ஊடுருவித் தெரியும் கூடு என்றால் அது சட்டை உரித்த தோல். இறால் உயிரோடு எங்கோ ஒளிந்திருக்கிறது. செத்த மீனை ஒரு இறால் தின்பதைப் பார்த்தாலும் அதுதான் கொன்றது என்று முடிவுகட்டாதீர்கள். இறால்களில் பலவும் செத்ததைத் தின்னும். இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டாம் ஜோடிக் கை உடம்புக்கு வெளியே நீண்டு, நுனியில் கொடுக்கு தெரிந்தால் அது வேட்டைக்காரன். கை குட்டையாக, நுனியில் மயிர் இருந்தால் அது பாசி மேய்வது. விசிறி இருந்தால் நீரை வடிகட்டுவது. உடம்பின் பருமனும் நிறமும் எதையும் சொல்லாது.

மறுநாள் காலை, வாய்ப்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகிய பிளாஸ்டிக் போத்தலில் துளி மீன் துண்டு வைத்து அந்தக் கண்ணாடி இறாலைப் பிடித்தோம். பேத்தி அதற்குத் தனித் தொட்டி கொடுத்துவிட்டாள். "அதும் பாவம்தானே மாமா, அது கை அப்படி" என்றாள். அந்தப் பிள்ளையின் மனசுக்கு நான் கும்பிடு போட்டேன். வேட்டையாடுவது அதன் பிறவிக் குணம். அதைச் சாதுக்களோடு சேர்த்து வைப்பதுதான் தவறு.

தொட்டி வளர்க்கும் தமிழ் நண்பர்களே, கொளத்தூரானாலும் ஜாசினானாலும் கடையில் பை கட்டும் முன் ஒரு நிமிடம் இறாலின் கையைப் பாருங்கள். நீண்ட கை என்றால் தனித் தொட்டி கொடுங்கள். வேண்டாத இறாலைக் கோயில் குளத்திலோ ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.