5 ஹெச்பி மோட்டாருக்கு எத்தனை கேவிஏ?

கூடுவாஞ்சேரியில் எங்கள் குடியிருப்புக்கு ஜெனரேட்டர் வாங்குவதென்று சங்கக் கூட்டத்தில் முடிவானதும் எழுந்த முதல் கேள்வி, எத்தனை கேவிஏ என்பதுதான். போர் மோட்டார் 5 ஹெச்பி. நாலு கேவிஏ போதும் என்றார் ஒருவர். பத்துக்குக் குறையவே கூடாது என்றார் இன்னொருவர். ஏன் என்று கேட்டால் இருவரிடமும் பதில் இல்லை. அந்த ‘ஏன்’ எங்கே தொடங்குகிறது என்று தேடிப் போனேன்.

தேடல் ஜேம்ஸ் வாட்டிடம் கொண்டுபோய் விட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி இயந்திரம் விற்ற அவர், அது எத்தனை குதிரையின் வேலையைச் செய்யும் என்று வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊர்ச் செக்கு மாடுபோல ஆலையைச் சுற்றிவரும் குதிரையைக் கணக்கில் எடுத்தார்: 12 அடி ஆரம், மணிக்கு 144 சுற்று, 180 பவுண்டு இழுவிசை. பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 32,572 அடி-பவுண்டு. அதை 33,000 ஆக்கினார். அதுதான் ஒரு ஹெச்பி.

1882இல் வில்லியம் சீமன்ஸ் மின்திறனின் அலகுக்கு வாட்டின் பெயரையே முன்மொழிந்தார். பழைய அளவு புதிய அளவில் 746 வாட் ஆனது. அந்தக் கணக்கில் 5 ஹெச்பி என்பது 3.73 கிலோவாட். ‘நாலு போதும்’ என்றவரின் கணக்கு இங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் ஹெச்பி, மோட்டாரின் தண்டு வெளியே தரும் திறன். ஜெனரேட்டர் கொடுக்க வேண்டியதோ மோட்டார் உள்ளே வாங்குவதை. எங்கள் மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் படித்தேன்: 3.7 கிலோவாட், 415 வோல்ட், 7.5 ஆம்பியர். மும்முனை மின்சாரம் என்பதால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, மேலும் 1.732ஆல் பெருக்க வேண்டும். வருவது சுமார் 5.4 கேவிஏ.

3.7க்கும் 5.4க்கும் நடுவே இரண்டு காரணங்கள். ஒன்று, சுருள்சூடு, உராய்வு போன்ற இழப்புகள். மற்றொன்று பவர் ஃபேக்டர். காந்தப்புலத்தை உண்டாக்க மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் தண்டைச் சுழற்றும் வேலையில் சேராது. ஆனால் ஜெனரேட்டரின் சுருள் வழியாக ஓடி அதைச் சூடாக்கும். ஜெனரேட்டரை வாட்டில் மட்டும் அளக்காமல் கேவிஏவில் அளப்பது இதனால்தான்.

இதுவும் ஓடும்போதுள்ள கணக்கு மட்டுமே. மின்சாரத்தை நேரடியாக இணைக்கும் டிஓஎல் ஸ்டார்டரில் மோட்டார் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் வழக்கமான ஆம்பியரைப்போல் ஆறேழு மடங்கு இழுக்கும். அதைத் தாங்காத ஜெனரேட்டரில் வோல்டேஜ் சரியும், மோட்டார் கிளம்பத் திணறும். ஆகவே ‘பத்துக்குக் குறையக் கூடாது’ என்றவர் சொன்னதே சரி.

ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் ஹெச்பியை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தகட்டில் உள்ள ஆம்பியரையும் ஸ்டார்டர் எந்த வகை என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். கிளம்பும்போது தாங்குமா என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.