கவையின் கணக்கு

அரபு மொழியில் ‘ஷவ்கத்’ என்றொரு சொல் உண்டு. முள் என்பது அதன் முதற்பொருள். மீனின் முள்ளும் அதுவே. உணவு மேசையில் வைக்கும் முட்கரண்டியும் அதுவே. வலிமை, வீறு என்னும் பொருளும் அதற்குண்டு. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஷவ்கத் அலி என்று பெயரிடுவது இந்தப் பொருள் கருதியே. இன்றைய அரபு இயந்திர நூல்கள் மோட்டார் வண்டியின் கிளட்சைக் ‘காபிழ்’, அதாவது பற்றிக்கொள்வது, என்று குறிக்கின்றன. அதனை இயக்கும் இருபிரிவான இரும்புத் துண்டு ‘ஷவ்கத்துல் காபிழ்’. பட்டறை வழக்கில் அது கிளட்ச் போர்க். நல்ல தமிழில் சொல்வதானால் கவை. கவைக்கோலை அறியாத சிற்றூர் நம்மிடையே இல்லை.

கிதாபுகளோடு காலங்கழிக்கும் ஓர் ஆசிரியனுக்கு இந்தக் கவையோடு என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 2019ஆம் ஆண்டு என் தம்பியின் குடும்பத்தாரோடு சில மாதங்கள் ஷார்ஜாவில் தங்கியிருந்தேன். தம்பி மகன் அங்கே தொழிற்பேட்டைப் பகுதியில், பழைய அமெரிக்கக் கார்களைச் செப்பனிடும் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவந்தான். அஸருக்குப் பின் அங்கே போய் அமர்ந்திருப்பது எனக்கு வழக்கமாயிற்று. அவன் கைவேலையைப் பார்த்தும், கேட்டும் அறிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

இஞ்சினின் சுழற்சியைக் கியர்ப்பெட்டிக்குக் கொண்டுசேர்ப்பது கிளட்ச். பிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தோடு உராய்வுத் தட்டை ஒரு வில்தட்டு அழுத்திப் பிடித்திருக்கிறது. அவ்வில்தட்டின் நடுவில் விரல்கள் போன்ற எஃகு நாக்குகள் வட்டமாக நிற்கும். அவ்விரல்களை உள்ளே தள்ளினால் பிடி தளரும். அப்போதுதான் கியர் மாற்ற இயலும். தள்ளுவது ரிலீஸ் பேரிங். அந்தப் பேரிங்கைத் தன் இரு நுனிகளால் ஏந்திக்கொண்டிருப்பது நம் கவை. அது மணிவடிவக் கூட்டினுள் ஓர் உருண்டைக் குமிழின் மேல் தாங்கி நிற்கிறது. அதன் வெளிக்கை கூட்டின் பக்கவாட்டிலுள்ள சாளரத்தின் வழியே நீண்டிருக்கும். ஓட்டுநர் மிதியை அழுத்தினால் ஒரு கம்பி வெளிக்கையைப் பின்னுக்குத் தள்ளும். உள்முனை முன்னுக்குப் போகும். ஏற்றமிறைக்கும் துலாவை ஒத்த வேலை, அவ்வளவுதான்.

துலாவுக்குரிய கணக்கே கவைக்கும் உரியது. வெளிக்கை உள்கையைப்போல் இருமடங்கு நீளமென்று கொள்வோம். கம்பி 20 மில்லிமீட்டர் தள்ளினால் பேரிங் 10 மில்லிமீட்டர் நகரும்; விசையோ இரட்டிக்கும். பந்தயத்திற்கும் விரைவோட்டத்திற்கும் ஆன கார்களில் வில்தட்டு கடுமையானது. அதனைத் தள்ளும் விசை முழுவதும் இந்த ஒற்றைக் கவையின் வழியே செல்கிறது. மெல்லிய தகட்டை அழுத்தி வார்ப்பட்ட பழைய கவை அவ்விசையில் சற்றே வளையும். வெளிமுனை 2 மில்லிமீட்டர் வளைந்தால் பேரிங்கின் நகர்ச்சியில் 1 மில்லிமீட்டர் போயிற்று. பிடி தளர்ந்த நிலையில் உராய்வுத் தட்டுக்குக் கிடைக்கும் இடைவெளியே ஏறத்தாழ 1 முதல் 1½ மில்லிமீட்டர்தான். ஆகவே இழந்த அந்த 1 மில்லிமீட்டர் சிறிதன்று. இதனால்தான் இத்தகைய கார்களுக்கு முதுகெலும்புபோல் பட்டை வைத்துப் பற்றவைத்த கவையையோ, அடித்து வடித்த கனத்த கவையையோ தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆயினும் வலிமை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. கவைகளில் நேரானவையும் உண்டு, வளைந்தவையும் உண்டு. கூட்டின் சாளரம் எங்கே இருக்கிறது, தள்ளும் கம்பி எந்த வரிசையில் வருகிறது என்பவற்றிற்கு ஏற்பவே அமைய வேண்டும். 1960களில் அமெரிக்காவின் நேர்பாதைப் பந்தயங்களில் பிளைவீலும் கிளட்சும் வெடித்துச் சிதறி ஓட்டுநர்களின் கால்களைப் பதம் பார்த்ததுண்டு. அதனால் அலுமினியக் கூட்டுக்குப் பதிலாக எஃகுக் கூடு பொருத்தும் வழக்கம் பரவிற்று. கூடு மாறினால் குமிழின் இடமும் மாறக்கூடும். அப்போது பழைய கவையின் கணக்கும் தவறிப்போகும்.

ஒருநாள் அப்பட்டறைக்கு 1969ஆம் ஆண்டின் செவர்லே கமாரோ ஒன்று வந்தது. உரிமையாளர் ஓர் அரபு இளைஞர். வேறொரு பட்டறையில் புதிய கிளட்ச் போட்டிருந்தார்கள். மிதியைத் தரைவரை அழுத்தினாலும் வண்டி ஊர்ந்தது. கியர் போடும்போது பற்கள் அலறின. மறுவாரம் நேர்பாதைப் பந்தயம். அதற்குள் வண்டி வேண்டும் என்றார்.

மேற்பார்வையாளர் எளிய வழி ஒன்று சொன்னார். தள்ளுகம்பியின் திருகை இன்னும் நீட்டினால் கவை முன்னதாகவே தள்ளத் தொடங்கும்; மாலைக்குள் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றார். பையன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்துவந்தான். “கம்பி ஏற்கெனவே கடைசிவரை நீண்டிருக்கிறது, பெரியத்தா. கவை சாளரத்தின் பின்விளிம்பில் போய் முட்டுகிறது. கியர்ப்பெட்டியை இறக்காமல் இதற்கு வழியில்லை” என்று என்னிடம் மெல்லச் சொன்னான். “அப்படியானால் என்னிடம் சொல்லி என்ன பயன், தம்பி? அவரிடமல்லவா சொல்ல வேண்டும்” என்றேன். சொன்னான். கூடுதலாகும் நாளின் கூலி உன் கணக்கில் என்று விடை வந்தது. அவன் வாதிடவில்லை, வண்டியைத் தூக்கி நிறுத்தினான்.

இறக்கிப் பார்த்ததில் காரணம் வெளிப்பட்டது. செவர்லே வண்டிகளில் வில்தட்டின் விரல்கள் இருவகை. ஒன்று தட்டையான விரல். மற்றது பேரிங்கை நோக்கி வெளியே வளைந்த விரல். வளைவிரலுக்கு 1¼ அங்குலக் குட்டைப் பேரிங்; தட்டைவிரலுக்கு 1⅞ அங்குல நெட்டைப் பேரிங். முன்னிருந்தது வளைவிரல் கிளட்ச். புதிதாகப் போட்டது தட்டைவிரல். பேரிங் மட்டும் பழைய குட்டைப் பேரிங்காகவே இருந்துவிட்டது. விரலைத் தொடுவதற்கே அது நெடுந்தூரம் போகவேண்டியிருந்தது. அதற்குள் கவை தன் வீச்சையெல்லாம் செலவழித்துவிட்டது. நம் மாணவர்கள் ஒரு ஜபரை ஜேராக்கினால் செய்தவனும் செய்யப்பட்டவனும் இடம் மாறுவதில்லையா? ⅝ அங்குலத்தில் ஒரு வண்டியின் பொருளே மாறிவிட்டிருந்தது. போதாக்குறைக்கு, குமிழ் அமரும் குழியருகே கவையில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. கம்பியை மேலும் நீட்டியிருந்தால் அது பந்தயப் பாதையில்தான் முறிந்திருக்கும்.

அவன் அதனை மறைக்கவில்லை. இளைஞரை அழைத்து இரு பேரிங்குகளையும் அருகருகே வைத்துக் காட்டினான். நெட்டைப் பேரிங்கும் புதிய கனத்த கவையும் போட்டால் சாலையில் குறைவின்றி ஓடும். ஆனால் மிகவுயர்ந்த சுழற்சியில் தட்டைவிரல்கள் திரும்பி வராமல் மிதி தரையிலேயே தங்கிவிடும் அபாயம் உண்டு. பந்தயத்திற்கு வளைவிரலே ஏற்றது என்றான். இளைஞரின் முகம் வாடியது. சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, இவ்வாரம் பந்தயம் வேண்டாம், சாலைக்கு ஆயத்தம் செய் என்றார்.

பொருத்திய முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கவையைக் குமிழில் அழுத்தி, பின்புறத்து வில்கவ்வி அதனைப் பற்றியிருக்கிறதா என்று பார்த்தான். குமிழ், கவைநுனி, பேரிங்கின் உட்புறம் ஆகியவற்றில் வெப்பந்தாங்கும் கிரீசை மிக மெல்லிதாகத் தடவினான். மிகுந்தால் சுழற்சியில் தெறித்து உராய்வுத் தட்டைக் கெடுக்கும். பிறகு பேரிங் விரல்களைத் தொட்டும் தொடாமலும் நிற்கையில் வெளிக்கை சற்று முன்சாய்ந்திருக்குமாறு குமிழின் உயரத்தைத் திருகி அமைத்தான். அப்போதுதான் அதன் வீச்சு நேர்நிலைக்கு முன்னும் பின்னும் ஒத்துப் பகிரப்படும். சாளரத்தின் எந்த விளிம்பிலும் முட்டாது. இறுதியில் விரலுக்கும் பேரிங்குக்கும் இடையே 1½ முதல் 3 மில்லிமீட்டர் வெளி விட்டான். மிதியில் அது சுமார் ஓர் அங்குலத் தளர்வாகத் தெரியும்.

இவ்வெளியைக் குறித்து அவன் கூறியது எனக்குப் புதுமையாக இருந்தது. உராய்வுத் தட்டு தேயத் தேய வெளி கூடும் என்றே நான் எண்ணினேன். உண்மையில் அது குறைகிறது. தட்டு மெலியும்போது அழுத்துதட்டு பிளைவீலை நோக்கி நகர, விரல்கள் எதிர்ப்புறமாகப் பேரிங்கை நோக்கி வருகின்றன. வெளி முற்றும் மறைந்தால் பேரிங் ஓயாமல் சுழன்று கருகும். பிடியும் வழுக்கத் தொடங்கும். ஆதலால் அவ்வப்போது அளந்து கம்பியைக் குறைத்து வரவேண்டும்.

வண்டி சென்றது. ஒருநாள் கூலி அவனுக்கு வரவில்லை. அதனை நான் தர முற்பட்டபோது வாங்கிக்கொள்ளவும் இல்லை. நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் கடல் கடந்து பட்டறைகளுக்குப் போகிறார்கள். பெற்றோர் விசாவையும் சம்பளத்தையும் விசாரிக்கிறார்கள், அது முறையே. அதனோடு, அங்கே அளவுகோலைக் கையில் கொடுத்துக் கற்பிக்கும் ஒருவர் இருக்கிறாரா என்பதையும் விசாரிக்க வேண்டும். மாலைக்குள் முடி என்பவர் எங்கும் கிடைப்பார். இறக்கிப் பார் என்று சொல்லித்தரும் ஆசான் வாய்ப்பதே அரிது.