ராணிக்கு என்ன பேர்?

உங்கள் பாட்டியின் பேர் என்ன? சட்டென்று சொல்லிவிட்டீர்களா? சபாஷ். அந்தப் பாட்டியின் அம்மா பேர்?

இப்போது விட்டத்தைப் பார்க்கிறீர்கள், இல்லையா? நானும் அப்படித்தான் பார்த்தேன், விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தின் மேஜை முன்னால் நின்றுகொண்டு. அதுவும் சொந்தப் பாட்டியின் பேருக்கே!

தாத்தா விட்டுப்போன கால் காணி நிலம். வாரிசுச் சான்றிதழ் வேண்டும். "தாத்தாவோட சம்சாரம் பேரு சொல்லுங்க சார்" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். எனக்கு வாய் எழவில்லை. ஆயா மடியில் வளர்ந்தவன் நான். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கே அவர் 'செஞ்சியம்மா'. செஞ்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், அதனால் அப்படி. தாத்தாவுக்கு அவர் வெறும் 'இந்தா'. எங்களுக்கு ஆயா. வெளியே வந்து அத்தைக்கு போன் போட்டேன். பெற்ற மகளே கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

அந்த உறுத்தலோடுதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு செஞ்சிக்குப் போனேன். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டு. அதில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். பெருமை பொங்க, ராஜா தேசிங்கு கதையை எடுத்துவிட்டேன்.

கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். அப்பா சொரூப்சிங், ஔரங்கசீப் காலத்தில் இந்தக் கோட்டைக்கு அதிகாரியாக வந்தவர். அவர் செலுத்தாமல் விட்டுப்போன கப்பப் பாக்கியை மகன் தலையில் கட்டினார் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான். மகன் மறுத்தார். சண்டை. 1714 அக்டோபரில் தேசிங்கு போர்க்களத்தில் விழுந்தார். வயது 22 என்பார்கள். செட்டிக்குளத்தங்கரையில் தகனம். அவருடைய இளம் மனைவியும் அந்தச் சிதையில் ஏறினார். ஏறினாரா, ஏற்றப்பட்டாரா? அதை யாரும் அவர் வாயால் கேட்டு எழுதி வைக்கவில்லை.

நவாப் மனசு கலங்கிப்போய், அந்தப் பெண்ணின் நினைவாக ஆற்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் அக்கரையில் ஓர் ஊரை உண்டாக்கினார் என்பது வரலாறு. அதுதான் ராணிப்பேட்டை. தோற்றவன் மனைவிக்கு ஜெயித்தவன் வைத்த ஊர். 2019-ல் தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது.

எல்லாம் கேட்டுவிட்டு மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ராணி பேரு என்னப்பா?"

மறுபடியும் விட்டம்! கதைப்பாட்டில் 'ராணிபாய்' என்று வரும். யோசித்துப் பாருங்கள். ராணி என்பது பட்டம். பாய் என்பது வடக்கே பெண்களுக்குச் சேர்க்கும் மரியாதைச் சொல். பேர் எங்கே? அதே கதையில் குதிரைகளுக்குப் பேர் இருக்கிறது சார்... பாராசாரி, நீலவேணி!

அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சமாதானம் சொல்ல நினைத்தேன். அப்போதுதான் இன்னொரு ராணி ஞாபகத்துக்கு வந்தார். மரியா லெஸ்சின்ஸ்கா. போலந்து நாட்டுப் பிரபு குலத்துப் பெண். அப்பா கொஞ்ச காலம் ராஜாவாக இருந்து, 1709-ல் சிம்மாசனம் பறிபோய், குடும்பத்தோடு அயல்நாட்டில் ஒதுங்கிக் கிடந்தவர். அந்த வீட்டுப் பெண்ணுக்கு 1725-ல் பிரான்ஸ் ராஜா பதினைந்தாம் லூயியோடு கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது 15, பெண்ணுக்கு 22. பத்துப் பிள்ளைகள். ராஜாவுக்கோ ஊரறிந்த ஆசைநாயகிகள். அவரும் பாவம், சுகப்பட்டவர் என்று சொல்ல முடியாது.

அவருக்கும் செஞ்சிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்து 1761 வரை வைத்திருந்தார்கள். அந்தப் பதினோரு வருஷமும் பிரான்ஸின் ராணி அவர்தான். செஞ்சியைக் கண்ணால் பார்க்காத அந்த ராணி பிறந்த தேதி 1703 ஜூன் 23 என்று தெரியும். படம் இருக்கிறது, கடிதங்கள் இருக்கின்றன. இங்கேயே வாழ்ந்து இங்கேயே சாம்பலான பெண்ணுக்கு ஒரு பேர்கூட மிஞ்சவில்லை. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் நடுவே பத்துப் பதினைந்து வருஷ இடைவெளிதான்.

நான் பி.காம். படித்தவன். வந்த பணம் யார் கணக்கு என்று தெரியாவிட்டால், இப்போதைக்கு அனாமத்துக் கணக்கில் எழுதி வைப்போம். வருஷ முடிவுக்குள் விசாரித்து, உரியவர் பேருக்கு மாற்றியாக வேண்டும். நம் வீட்டுப் பெண்களை மட்டும் தலைமுறை தலைமுறையாக அனாமத்திலேயே விட்டிருக்கிறோம். செஞ்சியம்மா, வாத்தியார் சம்சாரம், மூணாவது வீட்டு ஆயா... மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. பேர்தான் இல்லை.

ராணிக்கு நவாப் ஊரே கொடுத்தார். "உன் பேர் என்னம்மா?" என்று விசாரித்து அதை வைத்திருந்தால், இன்றைக்கு அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு பஸ்ஸும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஆயாவின் போட்டோவைக் கழற்றித் துடைத்தேன். 'தோற்றம்', 'மறைவு' என்று தேதிகளெல்லாம் ஒழுங்காக இருந்தன. பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்னையார்' என்று மட்டும்! மகள் அதன் கீழே கறுப்பு மையால் ஆயாவின் பேரை எழுதி, திரும்ப மாட்டினாள். அந்தப் பேர் இங்கே உங்களுக்கு எதற்கு? உங்கள் வீட்டில் கேட்க வேண்டிய பேர் ஒன்று இருக்குமே.

சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். என் அத்தைக்கு எண்பது வயசு. அன்றைக்கு அவர் போனை எடுக்காமல் இருந்திருந்தால்?