கிளே பார்: சோப்பு இல்லை, சாணைக்கல்!

காரைக் கழுவித் துடைத்து முடித்ததும் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும். ஆனால் பல கார்களில் ரவையைத் தூவி வைத்தது போல நறநறவென்றுதான் இருக்கும். எத்தனை முறை ஷாம்பூ போட்டாலும் போகாது. அதை எடுப்பதற்கென்றே கிளே பார் என்று ஒரு கட்டியை விற்கிறார்கள். பார்ப்பதற்குச் சின்னப் பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண் போல அப்பாவியாக இருக்கும். அது அவ்வளவு அப்பாவி இல்லை என்பதை, பெரம்பூரில் ஒரு கல்லூரி மாணவன் ஒரு சனிக்கிழமை மதியம் தெரிந்து கொண்டான்.

அவன் வீடு ரயில் பாதையை ஒட்டிய தெருவில். அப்பாவிடம் கருநீல நிறத்தில் ஒரு கார். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒன்பது வருடம் ஓட்டியது. தங்கைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஃபீஸ் கட்டக் காரை விற்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வாங்குகிறவர் ஞாயிறு காலை வருவதாகச் சொல்லியிருந்தார்.

"வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கிக் காட்டுறேன்பா, விலை தானா ஏறும்" என்றான் பையன். அப்பா சிரித்துக் கொண்டார்.

கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று ஃபைன், இன்னொன்று ஹெவி. நம் வண்டிதான் இவ்வளவு நறநறப்பாக இருக்கிறதே என்று யோசித்து ஹெவியை எடுத்தான். அழுக்கு அதிகம் என்றால் பெரிய கட்டி, காரமான பவுடர் என்று துணி துவைக்கிற கணக்குதான். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள்.

மதியம் பானட்டில் ஆரம்பித்தான். கட்டியை ஒரு தடவை கை தவறிக் கீழே போட்டான். ஒட்டியிருந்த மண்ணை ஊதிவிட்டு மறுபடியும் தேய்த்தான். ஒரு மணி நேரம் கழித்து வெயிலில் பார்த்தால், பானட் முழுக்க மங்கல். நடுவில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள்.

"என்னடா, பானட் மட்டும் பால் ஊத்தின மாதிரி இருக்கு?" என்றார் அப்பா. திட்டவில்லை. அதுதான் பையனுக்குத் தாங்கவில்லை.

தெருமுனை ஷெட்டில் இருபது வருடமாகக் காருக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். அவரை அழைத்து வந்தான். அவர் மிச்சமிருந்த கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது சோப்பு இல்ல. உப்புத்தாளுக்குச் சொந்தக்காரன்."

அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. கார்களுக்கான இந்தக் கட்டி ஜப்பானில் பிறந்தது. டடாவோ கொடாடே என்பவர் இதற்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அந்தக் காப்புரிமையின் தலைப்பில் களிமண் என்ற வார்த்தையே கிடையாது. "வளைந்து கொடுக்கும் சாணைக்கல்" என்கிற அர்த்தத்தில்தான் பெயர் வைத்திருக்கிறார். செயற்கைப் பிசினுக்குள் மிக நுண்ணிய சாணைத் துகள்களைப் பிசைந்து செய்த கட்டி அது. பெயிண்டின் மேல் துருத்திக் கொண்டு நிற்பதை அது சீவி, தன்னோடு ஒட்டிக் கொள்கிறது. துகள் பெரிதானால் சீவலும் முரட்டுத்தனமாக இருக்கும். ஃபைன், மீடியம், ஹெவி என்பதெல்லாம் இந்த முரட்டுத்தனத்தின் அளவுதான்.

சீவப்படும் இடமோ மிக மெல்லியது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று கண்ணாடி போல ஒரு படலம் இருக்கும். அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியை விடக் குறைவு! பளபளப்பு முழுவதும் அந்தப் படலத்தில்தான். அதில் விழும் கீறல், வெள்ளைக் காரை விடக் கருநீலத்திலும் கறுப்பிலும் பளிச்சென்று தெரியும்.

ஞாயிறு காலை வாங்குகிறவர் வந்தார். காரை ஒரு சுற்று சுற்றி வந்து பானட் முன்னால் நின்றார். "இது மட்டும் வேற மாதிரி இருக்கே. முன்னாடி இடிச்சு மறுபடி பெயிண்ட் அடிச்சீங்களா?" அப்பா இல்லை என்றார். வந்தவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. அப்போது பையன் உள்ளே போய் மிச்சக் கட்டியையும் அது வந்த டப்பாவையும் எடுத்து வந்து நீட்டினான். "இடிக்கலை சார். நான்தான் தேய்ச்சுக் கெடுத்துட்டேன்." கட்டிக்குள் மணல் துகள்கள் மின்னிக் கொண்டிருந்தன. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி பண்ணி வைங்க, புதன்கிழமை வரேன்" என்று போய்விட்டார்.

அன்றைக்கே அண்ணன் மெஷினில் நைஸ் காம்பவுண்ட் போட்டுப் பானட்டின் மங்கலை எடுத்தார். கதவுகளைப் பையனிடமே விட்டார், பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தபடி. கிளே பார் வாங்கப் போகிறவர்களுக்கு அந்தப் பாடம் உதவும்.

முதலில் சோதனை. கழுவிக் காயவைத்த பெயிண்டின் மேல், பிரெட் வரும் மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக் கொண்டு தடவ வேண்டும். வெறும் கைக்குத் தெரியாத நறநறப்பும் அதில் தெரியும். வழுக்கினால் கிளே பாரே தேவையில்லை.

அடுத்தது, ஒட்டியிருப்பது என்ன என்று பார்ப்பது. ரயில் சக்கரமும் பிரேக்கும் தேயும்போது பறக்கும் இரும்புத் தூசி பெயிண்டில் உட்கார்ந்து, மழையில் துருப்பிடித்து, ஆரஞ்சு நிறப் புள்ளியாக நிற்கும். அந்தத் தெருவில் எல்லா வண்டியிலும் அதுதான். இதற்கென்று அயர்ன் ரிமூவர் என்ற திரவம் இருக்கிறது. தெளித்தால் இரும்பைத் தொட்ட இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும் (நாற்றத்துக்கு மட்டும் மூக்கைப் பிடித்துக் கொள்ளுங்கள்!). அதைக் கழுவிவிட்டால் கிளே பாருக்குப் பாதி வேலை மிச்சம்.

பிறகுதான் கட்டி. எப்போதும் ஃபைனில் ஆரம்பிக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் தேய்த்துப் பார்த்து, போகவில்லை என்றால் மட்டும் மீடியம். ஹெவி என்பது பெயிண்ட் சிதறல் மாதிரி விஷயங்களுக்கு, அதுவும் பிறகு பாலிஷ் போடத் தெரிந்தவர்களுக்கு. நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. ஒரு கம்பெனியின் நீலமும் இன்னொரு கம்பெனியின் நீலமும் ஒன்றல்ல. டப்பாவில் உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும்.

தேய்க்கும்போது வண்டி நிழலில், தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதற்கென்று உள்ள வழவழப்புத் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, நேர்கோட்டில், அழுத்தாமல் ஓட்டினால் போதும். சத்தம் நின்றால் அந்த இடம் முடிந்தது. சப்பாத்தி மாவு மாதிரி மடித்துப் பிசைந்து புது முகத்தைத் திருப்பிக் கொள்ளலாம். முழுக் கட்டியையும் எடுக்காமல் துண்டு போட்டு வைப்பது நல்லது. ஏனென்றால் கீழே விழுந்த துண்டு குப்பைக்குத்தான். அதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

கடைசியாக வாக்ஸ். கிளே பார் பழைய வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். அப்படியே விட்டால் பெயிண்ட் சட்டை போடாமல் வெயிலில் நிற்கிற மாதிரி. இன்னொன்று, ஏற்கெனவே விழுந்த கீறலும் பறவை எச்சம் அரித்த தடமும் கிளே பாரால் போகாது. அது பாலிஷ் வேலை. மேட் ஃபினிஷ் பெயிண்டில் இதைத் தொடவே வேண்டாம்.

புதன்கிழமை அவர் வந்தார். பானட்டைக் குனிந்து பார்த்தார். பேசிய விலையில் 2,000 ரூபாய் குறைத்துக் கொண்டு வண்டியை எடுத்துக் கொண்டார். விலை ஏறவில்லை. ஆனால் ஃபீஸுக்குப் போதுமானதாக இருந்தது.

சாவியைக் கொடுப்பதற்கு முன் அப்பா ஒரு தடவை காரைச் சுற்றி வந்தார். டிரைவர் பக்கத்துக் கதவில் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்தார். பையன் ஃபைன் கட்டியில் பொறுமையாகச் செய்த கதவு அது.

"வழுக்குதுடா" என்றார்.