பெயரே இரவல்!

விசைத்தறியின் ஓசை வகுப்பறைக்குள்ளும் புகும் ஊர் மங்கலம். அங்கே நம் மாணவருள் ஒருவன், பீகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பனியன் தொழிலாளியின் மகன். பிள்ளைகள் அவனை "இந்திக்காரன்" என்றே அழைத்தனர். "வீட்டில் இந்திதானே, தம்பி?" என்றோம். "இல்லைங்க சார், போஜ்புரி" என்றான்.

சுருக்கென்றது. பதிவேட்டில் அவன் தாய்மொழி "இந்தி" என எழுதியது நம் கைதானே!

அன்றிரவு அந்தச் சொல்லின் பிறப்பை ஆராய்ந்தோம். என்ன விந்தை! "இந்தி" என்பது இந்திச் சொல்லே அன்று. சிந்து ஆற்றைப் பழம்பாரசீகர் "ஹிந்து" என்றனர். சகரம் அவர் நாவில் ஹகரமாயிற்று. ஆற்றின் பெயர் நிலத்துக்கு ஆகி, "ஹிந்த்" எனக் குறுகிற்று. அதனோடு பாரசீக ஈறாகிய "ஈ" சேர்ந்தது, "ஹிந்தி" பிறந்தது. "ஹிந்த் நாட்டுக்குரியது" என்பதே பொருள். மொழியை மட்டுமா குறித்தது? இந்நாட்டு மனிதரையும் குறித்தது.

அரசியல் சட்டத்தின் 351ஆம் பிரிவு, இந்தியின் சொல்வளத்துக்கு முதன்மையாகச் சமஸ்கிருதத்தை நாடச் சொல்கிறது. வீட்டுக்குள் வேள்விப் புகை; வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையோ பாரசீகம்!

இரவல் இழிவன்று, தோழர்களே. கொடுக்கல் வாங்கல் இல்லாத மொழி ஏது? இரவலைப் புனிதம் எனப் போற்றி, பிறர் தலையில் ஏற்றுவதே இழிவு. 1938இலும் 1965இலும் தமிழகம் எதிர்த்தது அந்த ஏற்றத்தைத்தான். பேசும் மக்களை அன்று.

தமிழர்க்கு மட்டுமா இத்தீங்கு? 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் போஜ்புரி பேசுவோர் 5 கோடிக்கு மேல். அத்தனை பேரும் "இந்தி" என்னும் தலைப்பின்கீழ் அடக்கப்பட்டனர். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலும் போஜ்புரிக்கு இடமில்லை. நம்மை விழுங்க வந்த வாய், அவர்களை விழுங்கியே விட்டது. அந்த ஏழைச் சிறுவனை "இந்திக்காரன்" என ஏசும் நாம், விழுங்கியவர் பக்கமே நிற்கிறோம்! ஆதிக்கத்தை எதிர்ப்பது பகுத்தறிவு. ஆதிக்கத்துக்கு ஆளானவனை வெறுப்பது மடமை.

மறுநாள் பதிவேட்டைத் திருத்த விண்ணப்பித்தோம். பின், வகுப்பின் நடுவே அவனை நிறுத்தி, "உன் மொழியில் அம்மாவை எப்படி அழைப்பாய்?" என்றோம்.

"மாயீ."

பிள்ளைகள் அனைவரும் அதைச் சொல்லிப் பார்த்தனர். அதன்பின் அவ்வகுப்பில் "இந்திக்காரன்" என்ற குரல் எழவில்லை.